பெருவிலங்கு வேட்டைக்கு ரைபிளும் காலிபரும்: வெளிநாடு போகும் டெல்டாக்காரர்களுக்கு ஒரு கையேடு

வெண்ணாற்றுப் பாசனத்தில் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் வேலைக்குப் போன பிள்ளைகள், பொங்கலுக்கு ஊர் திரும்பும்போது திண்ணையில் வந்து உட்கார்ந்து என்னிடம் கேட்கும் கேள்விகளில் ஒன்று, "மாமா, அங்கே மான் வேட்டைக்கு எந்த ரைபிள் வாங்கலாம்?" என்பதாகும். ஆல்பர்ட்டா மாகாணத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்து, அங்கே உரிமம் பெற்று, தவறுகள் செய்து, அவற்றைத் திருத்திக்கொண்டு திரும்பியவன் என்பதால் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்லி வந்ததை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இந்தக் கையேடு நம் மண்ணில் பயன்படுவதற்கானது அன்று. 1972 ஆம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இன்று இந்தியாவில் விளையாட்டுக்காக வேட்டையாடுவது என்ற ஒன்றே இல்லை. கோடியக்கரையில் துள்ளும் வெளிமானானாலும் வயலில் இறங்கும் மயிலானாலும் கை வைத்தால் சிறைதான். காட்டுப்பன்றி பயிரை அழித்தாலும், அதற்கு உரிய வழி வனத்துறையிடம் முறையிடுவதே தவிர, வீட்டில் இருக்கும் ஒற்றைக்குழல் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு இரவில் வரப்பில் நடப்பதன்று. வேட்டை சட்டப்படி அனுமதிக்கப்பட்டு, சீசன், எண்ணிக்கை, உரிமம் ஆகியவை வரையறுக்கப்பட்ட நாடுகளில் வாழ்கிறவர்களுக்கு மட்டுமே இனி வருவன அனைத்தும்.

அங்கும் கடைக்குப் போவதற்கு முன் சட்டப் புத்தகத்தைத் திறக்க வேண்டும், ஏனெனில் பல இடங்களில் பாதித் தேர்வைச் சட்டமே செய்து கொடுத்துவிடுகிறது. கனடாவில் பாதுகாப்புப் பயிற்சியில் தேறி உரிமம் வாங்காமல் துப்பாக்கியைச் சொந்தமாக வைத்திருக்க முடியாது. ஆல்பர்ட்டாவில் .23 அங்குலத்துக்குக் குறைந்த காலிபரில் (குழலின் உள்விட்டத்தில்) பெருவிலங்கைச் சுடக்கூடாது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் கடமானுக்குக் குறைந்தபட்சம் .270 காலிபரும் 130 கிரெயின் எடையுள்ள குண்டும் வேண்டும். அதே மாநிலத்தில் புள்ளிமானுக்கு .243 காலிபரும் 80 கிரெயினும் போதும். நார்வேயில் பெருவிலங்கு வேட்டைக்குப் போகிறவர் ஒவ்வோர் ஆண்டும் சுடும் தேர்வில் தேற வேண்டும். சுவீடனில், 9 கிராம் குண்டு 100 மீட்டர் தொலைவில் குறைந்தது 2700 ஜூல் ஆற்றலோடு இருக்க வேண்டும் என்று கணக்காக எழுதியே வைத்திருக்கிறார்கள். இவை காலத்துக்குக் காலம் மாறக்கூடியவை என்பதால், போகும் ஆண்டின் விதிகளை அந்தந்த அரசின் அறிவிப்பிலேயே படித்துக்கொள்ள வேண்டும்.

கடமானும் புள்ளிமானும் நம் காட்டு விலங்குகள் ஆயிற்றே என்று கேட்பவர்கள் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் அவற்றைக் கப்பலேற்றி ஆஸ்திரேலியாவில் விட்டார்கள். அவை பெருகி இன்று அந்த மண்ணுக்குத் தொல்லையாகிவிட்டன. அமெரிக்காவின் டெக்சாஸில் நீலகாயும் வெளிமானும் மேய்கின்றன; இமயமலை வரையாடு 1904 இல் நியூசிலாந்தில் இறக்கப்பட்டது. இங்கே காப்பாற்றப்பட வேண்டிய உயிர் அங்கே குறைக்கப்பட வேண்டியதாக இருப்பது விந்தைதான் என்றாலும், அந்தக் காடுகளில் அதைச் சுடுவதற்கு அனுமதிச் சீட்டு தருகிறார்கள்.

எண்கள் சொல்வதும் சொல்லாததும்

காலிபர் என்பது குழலின் உள்விட்டம் அல்லது குண்டின் விட்டம். பெரும்பாலும் அங்குலத்தில் சொல்லப்படும். ஆனால் தோட்டாவின் (குண்டும் வெடிமருந்தும் அடைத்த உறையின்) பெயரில் இருக்கும் எண்ணை அப்படியே அளவு என்று எடுத்துக்கொண்டால் ஏமாந்துபோவோம். .270 வின்செஸ்டரின் குண்டு உண்மையில் .277 அங்குலம். .308 வின்செஸ்டர், .30-06, .300 வின்செஸ்டர் மேக்னம் ஆகிய மூன்றும் ஒரே .308 அங்குலக் குண்டைத்தான் எறிகின்றன. வேறுபடுவது பித்தளை உறையின் வடிவும், அதில் அடங்கும் வெடிமருந்தின் அளவுமே. மேக்னம் என்று பெயரில் இருந்தால் மருந்து கூடுதல் என்று பொருள். .30-06 இல் உள்ள 06, அமெரிக்கப் படை அதை ஏற்றுக்கொண்ட 1906 ஆம் ஆண்டைக் குறிக்கிறது. ஆகவே குழலின் மேல் பொறித்திருக்கும் பெயரும் தோட்டாவின் அடியில் பொறித்திருக்கும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும் என்பதை முதல் நாளே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். உருவத்தில் ஒத்திருக்கிறது என்று மாற்றிப் போட்ட தோட்டா துப்பாக்கியை மட்டுமல்லாமல் முகத்தையும் சிதைத்துவிடும்.

குண்டின் எடையைக் கிரெயின் என்ற அளவில் சொல்கிறார்கள். ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 15.4 கிரெயின். நம் பொற்கொல்லர்கள் நெல்லும் குன்றிமணியும் வைத்துப் பொன் நிறுத்ததைப் போல, அவர்கள் ஒரு காலத்தில் வாற்கோதுமை மணியை வைத்து நிறுத்ததன் எச்சம் இது. 150 கிரெயின் என்றால் 9.7 கிராம், 180 கிரெயின் என்றால் 11.7 கிராம்.

எந்த விலங்குக்கு எது

குறுவைக்கு ஏடிடி 43 விதைக்கிறவர் சம்பாவுக்கு சிஆர் 1009 போடுகிறார். இரண்டில் எது உயர்ந்த நெல் என்று எந்த விவசாயியும் கேட்பதில்லை; மேட்டூரில் தண்ணீர் எவ்வளவு, மழை எப்போது, நிலம் பள்ளமா மேடா என்றுதான் பார்க்கிறார். காலிபர் விஷயத்திலும் அப்படித்தான் கேட்கப் பழக வேண்டும்: விலங்கின் எடை என்ன, எவ்வளவு தொலைவில் சுடப் போகிறீர்கள், உங்கள் தோள் எதைத் தாங்கும்.

வெளிமான், புள்ளிமான், வெண்வால் மான் போன்ற நூறு கிலோவுக்கு உட்பட்ட அல்லது சற்றே மேற்பட்ட விலங்குகளுக்கு .243 வின்செஸ்டர் போதுமானது. நூறு கிரெயின் குண்டு ஏறத்தாழ 2600 ஜூல் ஆற்றலுடன் குழலை விட்டுக் கிளம்புகிறது. சுடும்போது தோளில் விழும் உதை மிகக் குறைவு. அதற்கு ஒரு படி மேலே, 2007 இல் வந்த 6.5 கிரீட்மோர் இருக்கிறது. இணையத்தில் அதைப் போற்றுகிறவர்களும் தூற்றுகிறவர்களும் ஒரே அளவு கத்துகிறார்கள். சுட்டுப் பார்த்தால் அது அமைதியான, துல்லியமான, மான் வகைகளுக்கு நிறைவான தோட்டா என்பதற்கு மேல் ஒன்றுமில்லை.

கடமான், நீலகாய், வடஅமெரிக்காவின் பெரிய மான்களான வாபிட்டி, மூஸ் என்று இருநூறு கிலோவிலிருந்து ஐந்நூறு கிலோ வரை போகும் விலங்குகளுக்கு 1925 இல் வந்த .270, 1952 இல் வந்த .308, அவற்றுக்கெல்லாம் மூத்த .30-06 ஆகியவை நடுநாயகம். 150 கிரெயின் குண்டுடன் .308 ஏறத்தாழ 3600 ஜூலும், 180 கிரெயின் குண்டுடன் .30-06 ஏறத்தாழ 3900 ஜூலும் தருகின்றன. ஒரே ரைபிள்தான் வாங்க முடியும், ஆனால் மானும் மூஸும் இரண்டும் வேண்டும் என்கிறவருக்கு நான் தயங்காமல் சொல்வது .308 அல்லது .30-06. அதில் இன்னொரு நன்மையும் உண்டு. பெட்ரோல் பங்கும் ஒரு மளிகைக் கடையும் மட்டுமே உள்ள சிற்றூரில்கூட இந்த இரண்டு தோட்டாக்கள் அலமாரியில் இருக்கும். விமான நிலையத்தில் உங்கள் தோட்டாப் பெட்டி வேறு ஊருக்குப் போய்விட்ட நாளில் அதன் அருமை தெரியும்.

.300 வின்செஸ்டர் மேக்னமும் 7 மி.மீ. ரெமிங்டன் மேக்னமும் திறந்த மலைச்சரிவில் முந்நூறு மீட்டருக்கு அப்பால் சுட வேண்டியவர்களுக்கு உரியவை. காட்டெருமை போன்ற ஆபத்தான ஆப்பிரிக்க விலங்குகளுக்குப் பல நாடுகள் 1912 இல் உருவான .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்டையே கீழ் எல்லையாகக் கொள்கின்றன. 300 கிரெயின் குண்டு, ஐயாயிரத்து எழுநூறு ஜூலுக்கு மேற்பட்ட ஆற்றல், அதற்கேற்ற உதை. முதல் ரைபிளாக அதை எவரும் வாங்கக்கூடாது என்பதால் இங்கே அதைப் பற்றி விரிக்கவில்லை.

டபிள்யூ.டி.எம். பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஆப்பிரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றவர். அவற்றில் பெரும்பகுதியை 7×57 மௌசர் என்ற சிறிய தோட்டாவால் வீழ்த்தினார். சிறிய காலிபரை ஆதரிக்கிறவர்கள் அவர் பெயரை எடுக்காமல் விடமாட்டார்கள். தந்தத்துக்காக அத்தனை யானைகளைக் கொன்றதைப் பெருமையாகப் பேச எனக்கு மனமில்லை. அது ஒருபுறம் இருக்க, யானையின் மண்டையோட்டை அறுத்துப் பார்த்து மூளை எங்கே இருக்கிறது என்று கற்றவர் அவர். அந்தப் படிப்பு இல்லாமல் அவருடைய காலிபரை மட்டும் எடுத்துக்கொள்வது, நாதஸ்வரத்தை வாங்கிவிட்டால் வாசிப்பும் கூடவே வந்துவிடும் என்று நம்புவதைப் போன்றது.

குண்டு

காலிபரைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிறவர்கள் குண்டைப் பற்றி ஐந்து நிமிடம்கூடப் பேசுவதில்லை. விலங்கைத் தொடுவது குண்டு மட்டுமே. செம்பு உறைக்குள் ஈயம் வைத்த சாதாரண வேட்டைக் குண்டு, உடலுக்குள் நுழைந்ததும் முனை விரிந்து காளான் போல் ஆகி, அகலமான காயத்தை உண்டாக்கி நுரையீரலைச் செயலிழக்கச் செய்ய வேண்டும். விரியாமல் ஊசி போல் மறுபுறம் போய்விட்டால் விலங்கு நெடுந்தூரம் ஓடி, துன்பப்பட்டு, கைக்கும் கிடைக்காமல் சாகும். அளவுக்கு மீறி விரிந்து தோளிலேயே நொறுங்கிவிட்டாலும் அதே கதிதான்.

1946 இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஜான் நோஸ்லர் என்ற அமெரிக்கர் ஒரு மூஸைச் சுட்டபோது, சேறு காய்ந்து அப்பியிருந்த அதன் மேனியில் குண்டுகள் ஆழமாக இறங்காமல் சிதைந்தன. குளத்தை விட்டு எழுந்து வரும் எருமையின் முதுகைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்தச் சேற்றுக் கவசத்தைக் கற்பனை செய்வது கடினமன்று. அவர் ஊர் திரும்பி, நடுவில் செம்புத் தடுப்பு ஒன்று வைத்து, முன்பாதி விரிய, பின்பாதி கட்டுக்குலையாமல் உள்ளே போகும் குண்டை வடிவமைத்தார். 1948 முதல் அது பார்ட்டிஷன் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. அன்று அவர் பெரிய துப்பாக்கியைத் தேடிப் போயிருந்தால் இது நடந்திருக்காது.

இன்று மூன்று வகைகளை அறிந்திருந்தால் போதும். உறையும் ஈயமும் தனித்தனியாக இருக்கும் சாதாரணக் குண்டு மலிவானது. மான்களுக்கும் பயிற்சிக்கும் உகந்தது. ஈயத்தை உறையோடு உருக்கி ஒட்டவைத்த குண்டு, எலும்பில் பட்டாலும் எடையை இழக்காமல் ஆழமாக இறங்கும். கடமானுக்கும் மூஸுக்கும் அதை வாங்குங்கள். மூன்றாவது, ஈயமே இல்லாத முழுச்செம்புக் குண்டு. ஈயத்துகள் இறைச்சியிலும் கழுகுகளின் வயிற்றிலும் சேர்வதால் கலிபோர்னியாவில் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயக் குண்டு அனுமதிக்கப்படுவதில்லை. வீட்டில் குழந்தைகள் அந்த இறைச்சியைத்தான் சாப்பிடப் போகிறார்கள் என்றால், சட்டம் கேட்காத ஊரிலும் செம்பையே தேர்ந்தெடுப்பேன். செம்பு ஈயத்தைவிட லேசானது; ஆகவே வழக்கமாகப் பயன்படுத்துவதைவிட ஒரு படி எடை குறைந்த குண்டை எடுத்தால் வேகம் கூடி நன்றாக விரியும்.

உதை

நான் முதலில் வாங்கியது .300 வின்செஸ்டர் மேக்னம். மூஸுக்குப் பெரியதுதான் வேண்டும் என்று கடைக்காரர் சொன்னார். நானும் பெரியதுதான் வேண்டும் என்று ஏற்கெனவே முடிவுகட்டிக்கொண்டுதான் போயிருந்தேன் என்பதால் அவர் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. 180 கிரெயின் குண்டில் நாலாயிரத்து எழுநூறு ஜூல் என்ற கணக்கைப் பார்த்து மகிழ்ந்தேனே தவிர, அதே எடையுள்ள துப்பாக்கியில் .308 தரும் உதையைப்போல ஒன்றரை மடங்குக்கும் மேல் என் தோளில் விழப் போகிறது என்பதை எண்ணிப் பார்க்கவில்லை. பத்துத் தோட்டா சுட்டதும் தோள் கன்றிப்போயிற்று. இரண்டாவது வாரத்தில், விசையை அழுத்துவதற்கு முன்பே கண் தானாக மூடியது. கை தானாக இழுத்தது. அந்த ஆண்டு நூற்றிருபது மீட்டரில் நின்ற மூஸின் நெஞ்சைக் குறிவைத்து வயிற்றில் சுட்டேன். மறுநாள் உச்சி வரை பனியில் இரத்தத் தடத்தைத் தேடி நடந்து, அதைக் கண்டுபிடித்து முடித்தோம். அந்த இரவைப் பற்றி என் வீட்டாரிடம்கூட நான் அதிகம் பேசியதில்லை. அடுத்த மாதமே அந்த ரைபிளை விற்று .308 வாங்கினேன், அதற்குப் பிறகு ஒன்றுகூடத் தடம் பிடித்து நடக்கும்படி ஆகவில்லை.

விலங்கின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி, பக்கவாட்டில் நிற்கும்போது முன்காலுக்குச் சற்றுப் பின்னால், உடலின் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் அமைகிறது. மானில் அது சிற்றுண்டித் தட்டின் அளவு. மிதமான தோட்டா அந்தத் தட்டுக்குள் விழுந்தால் மூஸும் விழும். வயிற்றில் பட்ட மேக்னம் மானைக்கூட வீழ்த்தாது. ஆகவே நீங்கள் கண் சிமிட்டாமல், தோள் சுருங்காமல், ஒரே பிற்பகலில் இருபது முறை சுடக்கூடிய தோட்டாவே உங்களுக்குரிய மிகப் பெரிய தோட்டா. துப்பாக்கிக் களத்தில் யாரிடமாவது கேட்டு, வாங்குவதற்கு முன்பே இரண்டு மூன்று காலிபர்களைச் சுட்டுப் பாருங்கள். இரவல் கேட்க வெட்கப்பட வேண்டாம். அந்த ஊர்க்காரர்கள் இந்த ஒரு விஷயத்தில் தாராளமானவர்கள்.

துப்பாக்கியின் உடல்

போல்ட் இயக்கமுள்ள, அதாவது ஒவ்வொரு தோட்டாவையும் கைப்பிடியை இழுத்துத் தள்ளி உள்ளே ஏற்றும் ரைபிளை வாங்குங்கள். எளிமையானது, உறுதியானது, பனியிலும் மழையிலும் கைவிடாதது. தோட்டா உள்ளே இருக்கிறதா இல்லையா என்பதைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்துகொள்ள முடியும். ஸ்கோப் (குறி பார்க்க மேலே பொருத்தும் தொலைநோக்கி) இல்லாமல் மூன்றேகால் கிலோ அளவில் இருப்பது நல்லது. இரண்டரைக் கிலோவில் கிடைக்கும் மலை ரைபிள்கள் தூக்க இனிமையாக இருக்கும். சுடும்போது அந்த இனிமைக்கு வட்டியோடு வசூலித்துவிடும். குழல் நீளம் .308 க்கு 56 சென்டிமீட்டர், மேக்னத்துக்கு 61.

நம்மவர்கள் கவனிக்காமல் விடுவது கட்டையின் நீளம். விசையிலிருந்து தோளில் பதியும் முனைவரை உள்ள தூரம் பெரும்பாலான ரைபிள்களில் 34 முதல் 35 சென்டிமீட்டர். அது ஆறடி மனிதருக்கு வைத்த கணக்கு. ஐந்தரை அடி உயரமுள்ளவர், குளிருக்கு இரண்டு சட்டையும் ஒரு தடித்த கோட்டும் போட்டுக்கொண்டு அதைத் தோளுக்கு ஏற்றினால், கக்கத்தில் மாட்டும், கண் ஸ்கோப்பிலிருந்து விலகி நிற்கும். 32 அல்லது 33 சென்டிமீட்டர் கட்டையுள்ள மாதிரியைக் கேளுங்கள். தகடுகளைக் கூட்டிக் குறைத்து நீளத்தை மாற்றும் கட்டைகளும் கிடைக்கின்றன. கடையில் கோட்டைப் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, ரைபிளைத் தோளுக்கு ஏற்றி, பிறகு கண்ணைத் திறந்து பாருங்கள். கழுத்தை நீட்டாமல், கன்னத்தைத் தூக்காமல் ஸ்கோப்பின் முழு வட்டமும் தெரிந்தால் அது உங்கள் உடலுக்கு அளவெடுத்தது.

மரக்கட்டையா, செயற்கைக் கட்டையா என்பதில் எனக்கு ஆசை ஒரு பக்கம், அறிவு மறுபக்கம். தஞ்சாவூரில் வீணை செய்கிறவர்கள் பலாமரத்தைப் பக்குவப்படுத்திய பிறகே கை வைப்பது ஏன் என்று தெரிந்தவர்களுக்கு, மரம் ஈரத்தில் ஊதி வெயிலில் சுருங்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அந்த அசைவு குழலை அழுத்தினால் குறி நகர்ந்துவிடும். வால்நட் மரக்கட்டையின் அழகு வேறெதிலும் இல்லை. மழைநாட்டில் நான் எடுத்துப்போனது செயற்கைக் கட்டையையே. விசையின் இழுப்பு ஒன்றேகால் கிலோவிலிருந்து ஒன்றரைக் கிலோவுக்குள் இருக்கட்டும்.

ஸ்கோப்புக்கு மூன்று முதல் ஒன்பது மடங்கு வரை பெரிதாக்கும், 40 மி.மீ. முன் ஆடியுள்ளதே தாராளம். கண்ணுக்கும் பின் ஆடிக்கும் இடையே ஒன்பது சென்டிமீட்டராவது இடைவெளி வேண்டும். இல்லையெனில் புருவத்தில் பிறை வடிவத் தழும்பு நிச்சயம். கையில் இருக்கும் பணத்தில் பாதியை ரைபிளுக்கும் மீதியை ஸ்கோப், தோட்டா, களக் கட்டணம் ஆகியவற்றுக்கும் ஒதுக்குங்கள்.

நாகப்பட்டினத்து உப்புக்காற்றில் வளர்ந்தவர்களுக்கு இரும்பைக் கண்டாலே எண்ணெய் தடவும் பழக்கம் உண்டு. கடுங்குளிரில் அதுவே பகை. போல்ட்டுக்குள் இருக்கும் எண்ணெய் இறுகி, தோட்டாவின் அடியைத் தட்டும் ஊசி மெதுவாக முன்னேறி, தோட்டா வெடிக்காமல் போகும். குளிர்காலத்துக்கு முன் போல்ட்டைக் கழற்றி எண்ணெயைத் துடைத்துவிடுங்கள்.

போவதற்கு முன்னும் போன பின்னும்

இங்கிருந்தே ஒரு பயிற்சியைத் தொடங்கலாம். நம் நாட்டில் 4.5 மி.மீ. காலிபருக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் மேற்படாத காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. பாதுகாப்பான மண்சுவரைப் பின்னால் வைத்து, பத்து மீட்டரில் காகிதக் குறியைச் சுட்டு, மூச்சை அடக்குவதையும் விசையை மெல்ல அழுத்துவதையும் பழகுங்கள். பறவைகள் பக்கம் அதைத் திருப்ப நினைத்தும் பார்க்கக்கூடாது. அதுவும் அதே வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் குற்றம்தான்.

அங்கே போனதும் ரைபிளை 200 மீட்டரில் குறி சேர்த்துக்கொண்டால் (ஸ்கோப் காட்டும் இடத்திலேயே குண்டு விழும்படி திருத்திக்கொண்டால்), .308 இன் குண்டு 300 மீட்டரில் ஏறத்தாழ ஒரு சாண் கீழே விழும். இந்தக் கணக்கு மேசைமேல் மணல் பை வைத்துச் சுடும்போது ஒன்று, மலை ஏறி மூச்சு வாங்கும்போது வேறு. ஆகவே மண்டியிட்டும், உட்கார்ந்தும், கம்பை ஊன்றிச் சாய்ந்தும், இருபது சென்டிமீட்டர் தட்டைச் சுட்டுப் பழகுங்கள். ஐந்தில் ஐந்தும் தட்டில் விழும் தொலைவு எதுவோ, அதுவே காட்டில் உங்கள் எல்லை. என்னுடையது நூற்றெண்பது மீட்டர். அதற்கு அப்பால் நின்ற வாபிட்டிகளை நான் பார்த்து மட்டும் திரும்பியிருக்கிறேன்.

சீசன் தொடங்குவதற்கு முந்தைய வாரம், வேட்டையில் பயன்படுத்தப்போகும் அதே பெட்டியிலிருந்து மூன்று தோட்டாக்களைச் சுட்டுப் பார்த்துவிடுங்கள். வண்டியில் குலுங்கி வந்த ஸ்கோப் ஒரு மயிரிழை நகர்ந்திருந்தாலும் அந்த மூன்று துளைகள் காட்டிக்கொடுத்துவிடும்.